டிக்கியில் ஒட்டிய பெயரும் இரும்பில் பதித்த எண்ணும்

மாருதி ஸ்விஃப்டின் பின்கதவில் டிடிஐஎஸ் என்றும், ஃபியட் புன்டோவில் மல்டிஜெட் என்றும், டாடா இண்டிகா விஸ்டாவில் குவாட்ராஜெட் என்றும், செவ்ரோலே செயிலில் ஸ்மார்ட்டெக் என்றும் நான்கு பெயர்களைக் கண்டு, இவை நான்கு வேறு எஞ்சின்கள் என்று நம்பி, ஒன்றை வானளாவப் புகழ்ந்தும் மற்றொன்றை இகழ்ந்தும் பேசுகிற கனவான்களைப் பெங்களூரில் பழைய கார் விற்கும் இடங்களிலெல்லாம் சந்திக்கலாம். நான்கும் ஒரே எஞ்சின். 69.6 மில்லிமீட்டர் விட்டமும் 82 மில்லிமீட்டர் வீச்சும் உடைய நான்கு சிலிண்டர்கள். மொத்தக் கொள்ளளவு 1248 சி.சி. ஃபியட்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாகத் தொழில் நடத்திய காலத்தில் இத்தாலியில் உருவான இந்த எஞ்சின், நம் தேசத்தில் மாருதிக்காக ஹரியானாவின் மானேசரிலும், ஃபியட்டுக்கும் டாடாவுக்குமாகப் புனேக்கு அருகிலுள்ள ரஞ்சன்காவிலும் தயாராகி, ஏறிய வண்டிக்கு ஏற்ற பெயரைச் சூடிக்கொண்டது. மாருதி தன் ஏட்டில் அதற்கு டி13ஏ என்று குறியீடு கொடுத்தது. ஃபியட்டின் ஏட்டிலோ அது 199ஏ என்று தொடங்கும் எண்ணாக இருந்தது.

இதற்கு நேர்மாறான விபரீதமும் உண்டு. ஹூண்டாய் ஸ்தாபனத்தார் 2002-ஐ ஒட்டி விற்கத் தொடங்கிய ஆக்சென்ட் சிஆர்டிஐ, 2006-இல் வெளியிட்ட வெர்னா சிஆர்டிஐ ஆகிய இரண்டுக்கும் ஆர்.சி.யில் 1493 சி.சி. என்றே எழுதியிருக்கும், இரண்டின் முதுகிலும் சிஆர்டிஐ என்ற ஒரே எழுத்துக்கள்தாம் மின்னும். ஆனால் முன்னதற்கு 83 மி.மீ. விட்டமுள்ள மூன்று சிலிண்டர்கள், பின்னதற்கு 75 மி.மீ. விட்டமுள்ள நான்கு சிலிண்டர்கள். முன்னதன் குறியீடு டி3இஏ, பின்னதன் குறியீடு டி4எஃப்ஏ. “ஹூண்டாய் ஒன்றரை லிட்டர் டீசலுக்கு கேஸ்கெட் செட் வேண்டும்” என்று பெங்களூரின் உதிரிபாகக் கடைத்தெருவான ஜே.சி. ரோடில் போய்க் கேட்டால், அனுபவமுள்ள கடைக்காரர் அலமாரிப் பக்கம் திரும்புவதற்கு முன், “மூணா, நாலா சார்?” என்று கேட்பார். அனுபவமில்லாதவர் ஏதோ ஒன்றை எடுத்துக் கட்டிக் கொடுத்துவிடுவார்.

பெயரை இடுகிறவர் விளம்பர இலாகாக்காரர். அவருடைய கண் வாங்குகிறவர்மீது இருக்கிறது. எண்ணை இடுகிறவர் தொழிற்சாலைக்காரர். பல்லாயிரம் உதிரிகளுக்கு நடுவே ஒன்றை எடுக்கப்போய் மற்றொன்றை எடுத்துவிடலாகாதே என்ற தம் சொந்த பயத்தினால் இடுகிறார். தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்வதில் அவருக்கு யாதொரு பிரயோஜனமும் இல்லை. ஆகையால் பத்து வயதைக் கடந்த ஒரு டீசல் காரின் மதிப்பை நிர்ணயிப்பதில், அதன் வண்ணத்துக்கும் மீட்டர் காட்டும் கிலோமீட்டருக்கும் உள்ள பங்கைவிட, அதன் எண்கள் எந்த வம்சத்தைச் சேர்ந்தவை, அந்த வம்சத்துக்குக் கடைத்தெருவில் இன்னும் சரக்கு இருக்கிறதா என்னும் இரண்டு கேள்விகளின் பங்கு பெரிது என்பது என் அபிப்பிராயம். மீட்டரைப் பின்னோக்கித் திருப்பலாம். சிலிண்டர் பிளாக்கில் வெட்டிய எண்ணைத் திருப்புவது அவ்வளவு சுலபமன்று, திருப்பியிருந்தால் அது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

முதலில் சேஸிஸ் நம்பரைப் பார்ப்போம். சில கார்களில் முன் இருக்கைக்கு அடியிலுள்ள கம்பளத்தைத் தூக்கினால் தென்படும். சிலவற்றில் எஞ்சின் அறையின் பின்சுவரில் இருக்கும். தனிச் சட்டம் உடைய ஜீப், சுமோ, இன்னோவா போன்றவற்றில் முன்சக்கரத்தை ஒட்டிச் சட்டத்தின் மேலேயே குத்தியிருப்பார்கள். பதினேழு இடங்கள் கொண்ட இவ்வெண்ணில் ஐ, ஓ, க்யூ என்னும் மூன்று ஆங்கில எழுத்துக்களும் வருவதே இல்லை. ஒன்று, பூஜ்யம் ஆகிய இலக்கங்களோடு மயங்கும் என்று சர்வதேச நியமத்திலேயே விலக்கிவிட்டார்கள். ஆகவே தரகர் எழுதித் தரும் சீட்டில் ஓ என்ற எழுத்து இருக்குமானால், அவர் வண்டியைப் பார்த்து எழுதவில்லை அல்லது பார்த்தும் கவனிக்கவில்லை என்று கொள்ளலாம். முதல் மூன்று இடங்கள் தயாரித்தவரைக் காட்டும்: எம்ஏ3 என்றால் மாருதி, எம்ஏடி என்றால் டாடா, எம்ஏ1 மஹிந்திரா, எம்ஏஎல் ஹூண்டாய், எம்பிஜே என்றால் நம் பிடதியிலுள்ள டொயோட்டா கிர்லோஸ்கர். பெரும்பாலான தயாரிப்பாளர்களின் எண்ணில் பத்தாவது இடம் வருஷத்தைச் சொல்லும். 2001 முதல் 2009 வரை அந்த வருஷத்தின் கடைசி இலக்கமே நிற்கும். 2010-க்கு ஏ, 2011-க்கு பி, 2012-க்கு சி என்று ஏறி, 2017-க்கு ஹெச் வந்து, ஐ எழுத்து விலக்கப்பட்டதால் 2018-க்கு ஜே வரும். மாதத்தைக் குறிக்கும் எழுத்தை எந்த இடத்தில் வைப்பது என்பதில் தயாரிப்பாளர்களுக்குள் ஒற்றுமை இல்லை. அதை ஊகிப்பதைவிட, ஆர்.சி.யில் அச்சாகியிருக்கும் தயாரிப்பு மாதத்தோடு ஒத்துப் பார்ப்பதே உசிதம்.

வருஷத்தைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துவதற்கு, விற்பனை விலையைக் காட்டிலும் முக்கியமான ஒரு காரணம் இருக்கிறது. புகை நியமங்கள் தேசம் முழுவதும் ஒரே நாளில் வந்தவை அல்ல. பாரத் ஸ்டேஜ் 3 என்னும் மூன்றாம் நிலை 2005 ஏப்ரலில் பெங்களூர், சென்னை உட்பட முக்கிய நகரங்களில் அமலுக்கு வந்தது. அவை உட்பட 13 நகரங்களில் நான்காம் நிலை 2010 ஏப்ரலில் வந்தது. ஏனைய இடங்களுக்கு அந்த நான்காம் நிலை படிப்படியாகப் பரவி, தேசம் முழுமைக்கும் 2017 ஏப்ரலில்தான் கட்டாயமாயிற்று. ஆகவே 2011-இல் ஜெயநகர் ஆர்.டி.ஓ.வில் கேஏ-05 என்று பதிவான ஓர் இன்னோவாவும், அதே வருஷத்தில் நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஓசூரில் டிஎன்-70 என்று பதிவான ஓர் இன்னோவாவும், வெளித் தோற்றத்தில் யாதொரு பேதமும் இல்லாதிருந்தும், ஒன்று நான்காம் நிலையாகவும் மற்றொன்று மூன்றாம் நிலையாகவும் இருக்கலாம். நிலை மாறினால் இன்ஜெக்டர், ஈஜிஆர் வால்வு, எஞ்சினை ஆளும் ஈசியு பெட்டி முதலியவற்றின் எண்களும் மாறக்கூடும். “2011 மாடல் இன்னோவா” என்று சொல்லி உதிரி வாங்குகிறவர், பாதி விலாசம் எழுதிக் கடிதம் போடுகிறவரை ஒத்தவர். ஓசூர், கிருஷ்ணகிரி வண்டிகள் பெங்களூர்ச் சந்தைக்குத் தாராளமாக வருகின்றபடியால், இங்கே வாங்குகிறவர் ஆர்.சி.யில் நிலை எது என்பதைப் பார்க்காமல் பேரத்தைத் தொடங்கவே கூடாது.

இனி எஞ்சின் குறியீடு. இதில் ஒவ்வொரு ஸ்தாபனத்துக்கும் ஒரு வழக்கம் உண்டு. வழக்கத்தை அறிந்துகொண்டால் கணக்கே பேசும். டாடாக்காரர்களின் பழைய எண்கள் மிக நேர்மையானவை: முதல் இலக்கம் சிலிண்டர்களின் தொகை, அடுத்த இரண்டும் சிலிண்டரின் விட்டம் மில்லிமீட்டரில். இண்டிகாவின் 475 என்பது நான்கு சிலிண்டர், 75 மி.மீ. விட்டம், வீச்சு 79.5 ஆகையால் கொள்ளளவு 1405 சி.சி. சுமோ, சியரா, எஸ்டேட் ஆகியவற்றில் வந்த 483 என்பது 83 மி.மீ. விட்டம், 90 மி.மீ. வீச்சு, 1948 சி.சி. லாரிக் குடும்பத்திலிருந்து சஃபாரி டைகோர் வரைக்கும் வந்த 497 என்பது 97 மி.மீ. விட்டம், 100 மி.மீ. வீச்சு, 2956 சி.சி. விட்டத்தின் பாதியை அதனாலேயே பெருக்கி, அதை 3.1416-ஆலும் வீச்சினாலும் சிலிண்டர் தொகையாலும் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்துப் பாருங்கள், ஆர்.சி.யிலுள்ள சி.சி. வந்து நிற்கும். மஹிந்திராவின் பழைய எம்எம் 540 ஜீப்பில் இருந்த பெழோ எஞ்சினுக்கு எக்ஸ்டிபி 4.90 என்று பெயர். அங்கும் நான்கு சிலிண்டர், 90 மி.மீ. விட்டம் என்பதே பொருள், 83 மி.மீ. வீச்சோடு 2112 சி.சி. ஆகிறது. இந்தக் கணக்கு வீண் விளையாட்டன்று. சுமோவில் 483-க்குப் பதிலாக வேறொரு பிளாக்கை இறக்கியிருக்கிறார்களா என்ற சந்தேகம் எழும்போது, ஆர்.சி.யிலுள்ள சி.சி.யும் பிளாக்கில் உள்ள எண்ணும் ஒத்துவருகின்றனவா என்று விற்பவரின் முன்னிலையிலேயே நிச்சயித்துக்கொள்ள இதைவிடச் சுலபமான வழி இல்லை.

டொயோட்டாவின் எண்ணை இந்த விதியைக் கொண்டு படித்தால் ஏமாந்துபோவீர்கள். இன்னோவாவின் 2கேடி-எஃப்டிவி என்பதில் உள்ள இரண்டு, சிலிண்டரின் தொகை அன்று. கேடி என்னும் குடும்பத்தில் இரண்டாவதாகப் பிறந்தது என்பதற்கு அடையாளம். மூத்தவனான 1கேடி 2982 சி.சி.; இளையவனான 2கேடி 2494 சி.சி.; இருவருக்கும் சிலிண்டர் நான்குதான். கோட்டுக்குப் பின்னே வரும் எஃப், சிக்கனமான இரட்டை கேம் தண்டு அமைப்பையும், டி டர்போவையும், வி காமன் ரெயில் டீசலையும் காட்டும். இவ்வளவு தெளிவான குறியீட்டிலும் ஒரு கண்ணி உண்டு. இன்னோவாவில் 102 குதிரைச் சக்தி கொடுத்த அதே 2கேடி-எஃப்டிவி, பின்னாளில் வந்த இரண்டரை லிட்டர் ஃபார்ச்சூனரில் 144 குதிரைச் சக்தி கொடுத்தது. டர்போ வேறு, அதைச் சார்ந்த பல உறுப்புகளும் வேறு. ஆகவே எஞ்சின் குறியீட்டோடு நிற்காமல், கதவுத் தூணிலோ எஞ்சின் அறையிலோ அறைந்துள்ள தகட்டில் மாடல் குறியீட்டையும் படிக்கவேண்டும். டீசல் இன்னோவாவுக்கு அது கேயூஎன்40 என்று தொடங்கும். அந்தத் தகடு வேறொரு உபகாரமும் செய்யும்: வண்டி பிறந்தபோது பூசிய வண்ணத்தின் எண் அதிலே இருக்கும். 040 என்று தகட்டில் இருந்து கார் வெள்ளி நிறத்தில் பளபளத்தால், அது வெள்ளையாகப் பிறந்தது என்றும், யாரோ ஏதோ காரணத்துக்காக முழுவதும் பூசியிருக்கிறார்கள் என்றும் தெரிந்துகொள்ளலாம். டிராவல்ஸில் மஞ்சள் போர்டு தாங்கி ஓடி, பிறகு வெள்ளை போர்டுக்கு மாறிய இன்னோவாக்கள் இந்நகரில் ஏராளம். காரணத்தைக் கேட்க வாங்குகிறவருக்கு உரிமை உண்டு.

டீசலின் சூட்சுமமெல்லாம் எரிபொருளைச் செலுத்தும் உறுப்புகளில் இருக்கிறது என்பதால், அவற்றின் எண்களைச் சற்று விரிவாகவே பார்க்கவேண்டியிருக்கிறது. பெங்களூர்வாசிகளுக்கு இது ஒருவகையில் ஊர் விஷயமுங்கூட. மைக்கோ என்று சுருக்கி வழங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி 1951-இல் தொடங்கப்பட்டு, 1953-இல் ஆடுகோடியில் தன் உற்பத்தியை ஆரம்பித்த நாள்தொட்டு, நாட்டின் டீசல் பம்புகளிலும் நாஸில்களிலும் பெரும் பங்கு இந்நகரின் பெயரைத் தாங்கியே சென்றிருக்கிறது. 2008-இல் கம்பெனி தன் பெயரைப் பாஷ் லிமிடெட் என்று மாற்றிக்கொண்ட பிறகும், பம்ப் வேலை செய்கிறவர்கள் மைக்கோ பம்ப், மைக்கோ நாஸில் என்றே சொல்கிறார்கள்; பி.டி.எம். லேஅவுட் பக்கத்தில் மைக்கோ லேஅவுட் என்று ஒரு குடியிருப்பே அப்பெயரில் நிற்கிறது.

காமன் ரெயில் வருவதற்கு முந்திய கார்களில் காணும் விஇ ரகப் பம்பின் உடலில் ஒரு சிறு தகடு இருக்கும். அதிலே விஇ 4/9 எஃப் 2250 ஆர் என்ற மாதிரியில் ஒரு சூத்திரம் பொறித்திருப்பார்கள். நான்கு என்பது எஞ்சினின் சிலிண்டர்கள். ஒன்பது என்பது பம்பின் உள்ளே அடிக்கும் பிளஞ்சரின் விட்டம், மில்லிமீட்டரில். எஃப், பறக்கும் குண்டுகளால் வேகத்தை அடக்கும் கவர்னர். 2250 என்பது முழுச் சுமையில் பம்ப் நிமிஷத்துக்குச் சுழலும் வேகம். ஆர், வலப்பக்கச் சுழற்சி. நான்கு வீச்சு எஞ்சினில் பம்ப் பாதி வேகத்தில் சுழலுமாதலால், எஞ்சினின் வேகம் 4500 என்று கொள்ளவேண்டும். இதற்குப் பிறகு வரும் இலக்கங்கள் இன்ன வண்டிக்கு இன்ன அளவு என்பதைத் தீர்மானிப்பவை; பம்ப் கடையில் சோதனை மேஜைமீது ஏற்றி எண்ணெய் அளவு சரிசெய்கிறவர், அந்த எண்ணுக்கு உரிய அட்டவணையைப் பார்த்தே சரிசெய்வார். தகடு பிய்ந்துபோன பம்பை எந்த அட்டவணைப்படி அவர் சரிசெய்வார்? காதால் கேட்டுச் செய்வார். அதன் பலன் கறுப்புப் புகையாக வெளிவரும். தகடு இல்லாத பம்ப் பூட்டிய வண்டிக்கு விலையில் ஒரு குறைப்புக் கேட்பது நியாயமே.

நாஸிலின் எண்ணும் வாய் திறந்து பேசும். டிஎன்0எஸ்டி என்று தொடங்கினால் ஊசி முனை நாஸில், முன்னறையில் எரியும் பழைய ரக எஞ்சினுக்கு உரியது. டிஎல்எல்ஏ என்று தொடங்கினால் துளை நாஸில், அதை அடுத்து வரும் 150 போன்ற இலக்கம் தெளிப்பின் கோணத்தைக் காட்டும். கோணம் தவறிய நாஸில் பிஸ்டனின் தலையில் தெளிக்கவேண்டியதைச் சுவரில் தெளிக்கும்.

காமன் ரெயில் கார்களில், பாஷ் தயாரிப்பானால், பத்து இலக்கப் பாகஎண் ஒன்று இன்ஜெக்டரின் மேல் இருக்கும். 0 445 110 என்று தொடங்குவது இன்ஜெக்டர். 0 445 010 என்று தொடங்குவது உயர் அழுத்தப் பம்ப். ஆனால் பழைய கார் வாங்குகிறவருக்கு இந்தப் பாகஎண்ணைவிட உபயோகமானது அதன் பக்கத்திலேயே பொடி எழுத்தில் இருக்கும் மற்றொரு குறியீடு. தொழிற்சாலையில் ஒவ்வோர் இன்ஜெக்டரையும் தனித்தனியே சோதித்து, அது எவ்வளவு கூடுதலாகவோ குறைவாகவோ தெளிக்கிறது என்பதைக் குறியீடாக்கி அதன் தலையிலேயே பொறித்துவிடுகிறார்கள். பாஷும் டென்ஸோவும் டெல்ஃபியும் வெவ்வேறு நீளத்தில் இதைப் பொறிக்கிறார்கள். இன்ஜெக்டர் மாற்றும்போது இக்குறியீட்டை ஈசியு பெட்டிக்குள் ஸ்கேனர் வழியாக ஏற்றவேண்டியது முறை. ஆகையால் வண்டியைப் பார்க்கப் போகும்போது ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரை அழைத்துக்கொண்டு போய், பெட்டிக்குள் பதிந்திருக்கும் நான்கு குறியீடுகளையும் இன்ஜெக்டர்களின் தலையிலுள்ள நான்கு குறியீடுகளையும் ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒத்திருந்தால் சந்தோஷம். ஒத்திராவிட்டால், எங்கிருந்தோ கழற்றிய இன்ஜெக்டரைப் பூட்டி, குறியீடு ஏற்றாமலே ஓட்டியிருக்கிறார்கள் என்பது தெளிவு. பேரத்தில் வேறெந்த வாதமும் இவ்வளவு சீக்கிரம் விலையை இறக்குவதை நான் கண்டதில்லை.

பாகஎண்களின் இலக்கணத்துக்கு வருவோம். டொயோட்டாவின் எண் ஐந்தும் ஐந்துமாகப் பத்து இடங்கள் கொண்டது. முன்பாதி பொருள் இன்னது என்று சொல்லும். பின்பாதி எந்த வண்டிக்கு, எந்தத் திருத்தம் என்று சொல்லும். 23390 என்றால் டீசல் ஃபில்டர், 17801 ஏர் ஃபில்டர், 04465 முன் பிரேக் பேட், 31250 கிளட்ச் பிளேட், 17201 டர்போ. மேலே சொன்ன இன்னோவாவுக்கும் ஃபார்ச்சூனருக்கும் டர்போவின் முன்பாதி ஒன்றே, பின்பாதி வேறு. “17201 தானே, எல்லாம் ஒன்றுதான்” என்று சொல்லும் கடைக்காரரிடம் பின்பாதியைக் காட்டச் சொல்லவேண்டும். சுஸுகியின் வழக்கமும் ஏறத்தாழ இதுவே: 16510 ஆயில் ஃபில்டர், 13780 ஏர் ஃபில்டர், இந்தியாவில் மாருதி வெளியிடும் எண்ணில் இரு பாதிகளுக்கும் நடுவே எம் என்ற எழுத்து நிற்கும். வோக்ஸ்வாகன், ஸ்கோடா வம்சத்தில் மூன்று மூன்றாக ஒன்பது இடங்கள், பிறகு ஓர் எழுத்து. முதல் மூன்று எந்த எஞ்சினுக்காக அல்லது எந்த மாடலுக்காக முதன்முதல் செய்யப்பட்டது என்பதையும், நடு மூன்றின் முதல் இலக்கம் எந்தப் பிரிவு என்பதையும் காட்டும்: ஒன்று எஞ்சின், மூன்று கியர்பாக்ஸ், ஆறு சக்கரமும் பிரேக்கும், எட்டு உடல், ஒன்பது மின்சாரம். 03எல் 130 277 என்பதைப் பார்த்தவுடனே, 03எல் குடும்பத்து டீசல் எஞ்சினின் இன்ஜெக்டர் என்று அனுபவசாலிகள் சொல்லிவிடுவார்கள். இவ்வகைக் கார்களில் ஸ்டெப்னி வைக்கும் குழியிலும் சர்வீஸ் புத்தகத்திலும் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். அதிலுள்ள குறியீடுகளில் ஒன்று முன் பிரேக்கின் அளவைச் சொல்லும். அந்தக் காகிதத்தைப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளாமல் ஸ்கோடா வாங்குகிறவர் பின்னால் பிரேக் பேட்டை இரண்டு தடவை வாங்குவார்.

கடைசியில் வரும் எழுத்தோ இலக்கமோ மாறியிருந்தால் கலவரப்படவேண்டியதில்லை. தயாரிப்பாளர்கள் ஒரு பாகத்தைத் திருத்தும்போது பழைய எண்ணை நிறுத்திப் புதிய எண்ணைக் கொடுக்கிறார்கள். புதியது பழையதன் இடத்தில் பெரும்பாலும் பொருந்தும், பழையது புதியதன் இடத்தில் பொருந்தவேண்டும் என்ற நியதி இல்லை. “கம்பெனியில் இந்த நம்பர் நின்றுவிட்டது” என்று ஒரு கடையில் சொன்னால், அதற்குப் பதிலாக வந்த நம்பர் எது என்று கேளுங்கள்; நின்றுபோன எண்கள் பலவற்றுக்கு வாரிசு உண்டு. அன்றியும், கார்க் கம்பெனியின் எண் வேறு, அந்தப் பாகத்தை உண்மையில் செய்த பாஷ், டென்ஸோ, வேலியோ, லூக் முதலிய ஸ்தாபனங்களின் சொந்த எண் வேறு. பாகத்தைக் கழற்றிப் பார்த்தால் இரண்டும் அதன் உடலிலேயே இருக்கக்கூடும். செய்தவரின் எண்ணைச் சொல்லி வாங்கினால், அதே பொருள் வேறு அட்டைப்பெட்டியில், பல சமயம் குறைந்த விலையில் கிடைக்கிறது. டூப்ளிகேட் சரக்கு செய்கிறவர்கள் அட்டைப்பெட்டியையும் ஹோலோகிராமையும் வெகு சிரத்தையாகச் செய்கிறார்கள். பாகத்தின் உடலில் எண் வார்ப்பதில் அவ்வளவு சிரத்தை காட்டுவதில்லை. ஆகவே பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பாமல், பொருளில் பொறித்த எண்ணைப் படியுங்கள்.

இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகு, முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், டவுன் ஹாலுக்கும் மினர்வா சர்க்கிளுக்கும் இடையே ஜே.சி. ரோடில் ஒரு முற்பகலைக் கழிக்கவேண்டும். சேஸிஸ் எண், எஞ்சின் குறியீடு, புகை நிலை ஆகியவற்றை எழுதிய சீட்டோடு போய், கிளட்ச் செட், டர்போ, இன்ஜெக்டர், ஈஜிஆர் வால்வு, எஞ்சின் மவுண்ட், முன் விளக்கு ஆகியவற்றின் இருப்பையும் விலையையும் விசாரியுங்கள். கூட்ட நேரத்தில் போகாதீர்கள், அப்போது வாங்காமல் விலை மட்டும் கேட்டால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? ஃபில்டர் ஒன்றாவது வாங்கிக்கொண்டு கேட்டால் மரியாதையாக இருக்கும். எல்லாப் பாகமும் அங்கேயே கிடைக்கிறது என்றால் காரை வாங்கலாம். “ஆர்டர் போட்டால் பதினைந்து நாளில் வரும்” என்ற பதில் இரண்டொன்றுக்கு வந்தாலும் பாதகமில்லை. எல்லாவற்றுக்கும் “சிவாஜிநகர் குஜரியில் பாருங்கள்” என்ற பதிலே வருமானால், உடைத்த வண்டிகளிலிருந்து கழற்றிய பாகங்களை நம்பியே அந்தக் கார் இனிமேல் ஓடவேண்டியிருக்கும். அதற்குத் துணிந்தவர்கள், குஜரியில் வாங்கும் ஈசியு பெட்டியின் எண் தங்கள் பெட்டியின் எண்ணோடு கடைசி இலக்கம்வரை ஒத்திருந்தாலொழியப் பணம் கொடுக்கலாகாது.

ஜெனரல் மோட்டார்ஸ் 2017-இல் இந்திய விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021-இல் தன் தொழிற்சாலைகளை மூடப்போவதாக அறிவித்தது. ஃபியட் கார்களும் சந்தையிலிருந்து மறைந்தன. இந்த அநாதைக் கார்களை மலிவாக இருக்கின்றனவே என்று வாங்குகிறவர்களும், அநாதை என்ற காரணத்துக்காகவே தொடமாட்டோம் என்கிறவர்களும், இருவருமே வம்சத்தைப் பார்க்காமல் பேசுகிறார்கள். செவ்ரோலே டவேராவின் எஞ்சின் இசுஸு வம்சத்து 4ஜேஏ1. ஃபோர்டு ஃபிகோவின் 1399 சி.சி. டீசல், பெழோ சிட்ரோயனோடு சேர்ந்து செய்தது. மஹிந்திராவும் ரெனோவும் சேர்ந்து விற்ற லோகனில் இருந்த 1461 சி.சி. கே9கே எஞ்சின், வெரிட்டோ, டஸ்டர், நிஸான் சன்னி, டெரானோ என்று ஊரெங்கும் உறவினர்களை உடையது. ஐரோப்பாவில் மெர்சிடீஸ் பென்ஸே அதை ஓஎம் 607 என்று வேறு எண் இட்டு உபயோகித்தது. இன்னும் பின்னால் போனால், மாருதி ஜென் டீசலிலும் எஸ்டீம் டீசலிலும் இருந்த 1527 சி.சி. எஞ்சின், பெழோவின் டியூடி5; அதற்குப் பிஸ்டன் ரிங் தேடுகிறவர் மாருதி என்ற பெயரை மறந்துவிட்டு அந்தக் குறியீட்டைச் சொல்லித் தேடினால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். எஞ்சினுக்குள் இருக்கும் பாகங்கள் இப்படி உறவினர் வீட்டிலிருந்து வந்துசேரும். கண்ணாடி, முன் விளக்கு, பம்பர், ஈசியு பெட்டி ஆகியவை வரா. அவை வண்டியின் சொந்தம். கே9கே என்றாலும், பின்னால் ஒட்டிய மூன்று இலக்கங்கள் வேறானால் டர்போவும் இன்ஜெக்டரும் வேறாகலாம்; டஸ்டரிலேயே 85 குதிரைச் சக்தி வண்டிக்கும் 110 குதிரைச் சக்தி வண்டிக்கும் டர்போ, கியர்பாக்ஸ் இரண்டும் வேறு. மாருதியின் டி13ஏ கதையும் அதுவே: ஸ்விஃப்டில் 75, எர்டிகாவிலும் சியாஸிலும் 90, பின்னதற்கு இறக்கை அசையும் டர்போ.

கடைசியாகக் காகிதங்கள். எஞ்சின் பழுதாகி வேறு எஞ்சின் இறக்கியிருப்பது குற்றமன்று, அதை ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து ஆர்.சி.யில் எண்ணை மாற்றாதிருப்பதே குற்றம். ஆர்.சி.யிலுள்ள எஞ்சின் எண்ணும் பிளாக்கில் உள்ள எண்ணும் ஓர் இலக்கம் பேதப்பட்டாலும், பழைய எஞ்சின் எங்கே, புதியதை எங்கே வாங்கினீர்கள், பில் எங்கே என்று கேட்டுவிட்டு, அது சரிசெய்யப்படும்வரை முன்பணம் கொடுக்காதிருப்பது நலம். கர்நாடகத்தில் பி எக்ஸ்ட்ராக்ட் என்று வழங்கும் பதிவேட்டுப் பிரதியை ஆர்.டி.ஓ.வில் வாங்கிப் பார்த்தால் முந்திய உரிமையாளர்கள், கடன் பாக்கி முதலிய விவரங்கள் கிடைக்கும். நான் யாருக்கும் இதை வாங்காமல் கார் வாங்கச் சொல்வதில்லை.

டில்லி வண்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. பத்து வருஷத்துக்கு மேற்பட்ட டீசல் வண்டிகள் தலைநகர வட்டாரத்தில் ஓடலாகாதென்று 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டு, 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஆதரித்ததிலிருந்து, டிஎல், ஹெச்ஆர் எண்கள் தாங்கிய டீசல் கார்கள் என்.ஓ.சி. என்னும் தடையில்லாச் சான்றோடு தெற்கே வந்து இறங்குகின்றன. விலை மலிவு, எண்களும் பெரும்பாலும் பெங்களூர் வண்டிகளுடையவற்றோடு ஒத்துவரும், நான்காம் புகை நிலை முதலில் வந்த அந்த 13 நகரங்களில் டில்லியும் ஒன்றாகையால். ஆனால் கேஏ எண் வாங்கும்போது வண்டியின் விலைக்கும் வயதுக்கும் ஏற்பக் கர்நாடகத்தின் வாழ்நாள் வரியைக் கட்டவேண்டும். டில்லியில் கட்டிய வரி இங்கே கணக்கில் வராது, அதை அங்கேயே திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கவேண்டும். என்.ஓ.சி.யில் எழுதியிருக்கும் சேஸிஸ் எண்ணைச் சட்டத்தில் குத்தியிருக்கும் எண்ணோடு ஒத்துப் பார்த்து, மெல்லிய காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு பிரதியும் எடுத்துக்கொண்டு, வரித் தொகை எவ்வளவு ஆகும் என்று உங்கள் பகுதி ஆர்.டி.ஓ.வில் விசாரித்த பிறகு விற்பவரிடம் பேரத்தைத் தொடங்குங்கள்.